எப்பொழுது நெருக்குவது?



கால்பந்தாட்டத்தைப் பற்றிப் பேச வந்திருக்கும் நான் கால்பந்து வீரன் அல்லேன். கல்லூரியில் இலக்கியம் பயின்று, மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் சுற்றறிக்கைகளையும் ஆண்டறிக்கைகளையும் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குப் பெயர்த்து வயிறு வளர்ப்பவன். என் காலில் பந்து பட்டதெல்லாம் தற்செயலாகப் பட்டதே. ஆயினும், திருப்பதிக்கு மாற்றலாகி வந்த நாள் முதலாக நான்கு ஆண்டுகள், வாரத்தில் மூன்று விடியற்காலைகளில், என் மகனைத் திடலுக்கு அழைத்துச் சென்று எல்லைக்கோட்டுக்கு வெளியே காத்துக் கிடந்திருக்கிறேன். காத்திருப்பவன் கண்ணில் சில செய்திகள் படும். அவற்றுள் ஒன்றை வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். தில்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் உங்கள் பிள்ளைகளும் இவ்வாறே எங்கேனும் ஒரு திடலில் பந்தைத் துரத்திக்கொண்டிருப்பார்கள் அல்லவா?

செய்தி இதுதான். பந்து எதிரணியிடம் இருக்கும்பொழுது அதை நோக்கி எப்பொழுது பாய்வது, எப்பொழுது பாயாமல் நிற்பது, பாய்ந்தால் எவ்வாறு பாய்வது? ஆங்கிலத்தில் இதனைப் பிரஸ்ஸிங் என்கிறார்கள். இன்று உலகெங்கும் பயிற்சியாளர்கள் ஓயாமல் உச்சரிக்கும் சொல் இது. என் தொழில் மொழிபெயர்ப்பு ஆகையால், இதற்குத் தமிழ் என்ன என்று முதல் நாளே யோசிக்கலானேன். 'பிரஸ் பண்ணு' என்றால் நம் வீட்டுப் பிள்ளைக்குச் சட்டைக்கு இஸ்திரி போடுவது நினைவுக்கு வரும். பெரியவர்களுக்கு அச்சுக்கூடமோ பத்திரிகை நிருபரின் வண்டியோ நினைவுக்கு வரும். 'அழுத்துதல்' என்றால் ஒருவனே செய்துவிடலாம். 'முற்றுகை' என்பதோ கோட்டைக்கு உரியது. நீண்ட யோசனைக்குப் பிறகு 'நெருக்குதல்' என்ற சொல்லில் வந்து நின்றேன். தனி ஒருவன் எவரையும் நெருக்கிவிட முடியாது. நெருக்கடி என்றாலே பலர் கூட வேண்டும். அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தபொழுது அதன் பொருத்தம் எனக்கே முழுவதும் விளங்கவில்லை. சித்தூரில் ஓர் ஆட்டத்தைப் பார்த்த பின்னரே விளங்கிற்று.

சித்தூர்ச் சீமை 1953ஆம் ஆண்டு ஆந்திர மாநிலம் அமைந்தபொழுது சென்னை மாகாணத்தினின்றும் பிரிந்து சென்றது. மாநிலம் மாறினாலும் மக்கள் நாவில் இரண்டு மொழியும் இருக்கின்றன. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆனால் சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே பேருந்துகளும் சம்பந்தங்களும் பந்தாட்டங்களும் முன்போலவே நடந்து வருகின்றன. எங்கள் பையன்களின் அணியில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள். மற்றவர்கள் தெலுங்கு. பந்து கேட்கும்பொழுது எல்லாரும் ஒரே மொழிதான், அதாவது கூச்சல்.

அப்பொழுது அணிக்குப் பயிற்சி அளித்தவர் ஓர் இளைஞர். நல்ல உழைப்பாளி. கைப்பேசியில் ஐரோப்பிய ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்து நெருக்குதலின் மேல் அவருக்கு அடங்காத மோகம். பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அவர் கற்பித்தது ஒரே பாடம்: பந்து எங்கே இருக்கிறதோ அங்கே ஓடு. அந்தப் பாடம் பலித்தது என்பதையும் நான் ஒளிக்கலாகாது. இரண்டு ஆண்டுகள் எங்கள் பிள்ளைகள் அக்கம்பக்கத்து அணிகளை எல்லாம் வென்றார்கள். எதிரணியின் கோல்காப்பாளர் பந்தைத் தட்டிவிட்ட கணமே ஐந்தாறு பேர் போய் விழுவார்கள். பத்து வயதுச் சிறுவன் கால் வலிவு எவ்வளவு? ஓங்கி உதைத்தாலும் பந்து வெகுதூரம் போகாது. பதறிப்போய் எங்கேனும் உதைப்பான். நம்மவர்கள் எடுத்துக் கோல் போடுவார்கள். பெற்றோர் கை தட்டுவார்கள். நானும் தட்டினேன்.

இந்த வெற்றி எத்தகையது என்பதைப் பிற நாட்டார் முன்பே உணர்ந்து அதற்கு விதியும் வகுத்திருக்கிறார்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பத்து வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்தில், கோல்காப்பாளர் கையில் பந்து இருக்கும்பொழுது எதிரணியினர் குறித்ததொரு கோட்டுக்குப் பின்னால் விலகிச் செல்ல வேண்டும். இங்கிலாந்திலும் சிறுவர் ஆட்டத்தில் கோல் கிக்கின்போது விலகி நிற்கும் வழக்கம் உண்டு. காரணம் வெளிப்படை. சின்னஞ்சிறுவனைக் கோல் வாயிலிலேயே போய் அமுக்கினால், அவன் பந்தை நிறுத்தித் தலை நிமிர்ந்து தோழனுக்கு வழங்கக் கற்றுக்கொள்ளவே மாட்டான். அமுக்குகிறவனும் எதையும் கற்பதில்லை; ஓடினால் கிடைக்கும் என்ற பொய்யை மட்டுமே கற்கிறான்.

அந்தப் பொய் வெளிப்பட்ட நாள் ஒரு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. இடம் சித்தூர். பதின்மூன்று வயதுக்கு உட்பட்டோர் ஆட்டம். காலை ஏழு மணிக்கென்று சொல்லியிருந்தார்கள். விருந்தினர் வருகைக்காகவும் மாலை மரியாதைக்காகவும் காத்திருந்து, ஆட்டம் தொடங்கியபொழுது பத்தரை ஆகிவிட்டது. அந்தப் பக்கத்து மே மாத வெயிலை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அனுபவிக்காதவர்களுக்கு விளக்கினாலும் விளங்காது. உலகக் கோப்பை வீரர்களுக்கே 2014இல் பிரேசிலில் வெப்பம் மிகுந்தபொழுது ஆட்டத்தை இடையில் நிறுத்தித் தண்ணீர் கொடுத்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு இடைவேளையில் ஆளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கிடைத்தது.

நம்மவர்கள் பழக்கம்போல் ஓடினார்கள். சித்தூர்ப் பிள்ளைகளோ வளர்ந்துவிட்டவர்கள். ஒருவன் பந்தை நிறுத்தி, மூவர் தன்னை நோக்கி வருவதைக் கண்டு, அந்த மூவர் விட்டு வந்த வெற்றிடத்தில் நின்ற தோழனுக்கு அமைதியாகத் தள்ளிவிட்டான். உடனே மூவரும் திரும்பி அங்கே ஓடினார்கள். பந்து மறுபடி வேறிடம் போயிற்று. பந்துக்குக் களைப்பு இல்லை என்பதை நான் அன்றுதான் கண்டேன். இடைவேளை வரையில் இரண்டு பக்கமும் கோல் இல்லை. அதன் பிறகு இருபது நிமிடங்களில் நான்கு கோல்கள் வாங்கினோம். என் மகன் ஆட்டத்தின் நடுவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். எல்லைக்கோட்டுக்கு வெளியே வந்து வாந்தியெடுத்தான். முகம் சிவந்து, உடல் கொதித்தது. அவனை நிழலில் கிடத்தி நானும் வேறொரு தகப்பனாரும் ஈரத் துண்டால் ஒற்றி எடுத்தோம். அந்த அரைமணி நேரத்தை நான் எளிதில் மறக்க மாட்டேன்.

அன்று ஒரு பையன் மட்டும் ஓடவில்லை. நடுக்களத்தில் ஆடுபவன், திருப்பதியில் பூக்கட்டும் தொழில் செய்யும் தமிழர் ஒருவரின் மகன். மூவர் பந்தை நோக்கிப் பாயும்பொழுது அவன் மட்டும் பின்னால் நின்று இங்குமங்கும் பார்த்துக்கொண்டிருந்தான். பயிற்சியாளர் எல்லைக்கோட்டிலிருந்து அவனைச் சோம்பேறி என்று ஏசினார். மூன்றாவது கோல் விழுந்ததும் அவனை வெளியே அழைத்துவிட்டார். திரும்பும் வழியில் சந்திரகிரியில் பேருந்து நின்றபொழுது எல்லாரும் இறங்கி மோர் குடித்தார்கள். அவன் இறங்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து பயிற்சிக்கும் வரவில்லை.

இனி, இந்த ஆட்ட முறையின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். சோவியத் நாட்டில் கீவ் நகர டைனமோ அணியை 1964 முதல் 1970 வரை பயிற்றுவித்த விக்டர் மாஸ்லவ் என்பவர், எதிரி பந்தோடு வரும் வரை காத்திராமல் கூட்டமாகச் சென்று அவனை மடக்கும் முறையை வளர்த்தார். அவ்வணி 1966, 1967, 1968 ஆகிய மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தேசியச் சாம்பியன் பட்டம் பெற்றது. 1974 உலகக் கோப்பையில் ரைனஸ் மிஷெல்ஸ் பயிற்றுவித்த ஹாலந்து அணி உருகுவேயுடன் ஆடிய ஆட்டத்தின் படத்தை இன்றும் காணலாம். பந்தைப் பெற்ற உருகுவே வீரனைச் சுற்றி ஐந்தாறு பேர் ஒருசேரப் பாய்கிறார்கள். எங்கள் இளைஞர் பிள்ளைகளுக்குக் காட்டியதும் இத்தகைய படங்களைத்தான். ஆனால் படத்தில் தெரிவது பாய்ச்சல் மட்டுமே. பாய்வதற்கு முன் அவர்கள் எவ்வளவு நெருங்கி நின்றார்கள், பின்களத்தார் எவ்வளவு தூரம் முன்னேறி வந்து நின்றார்கள் என்பதைத் திரை முழுவதும் காட்டுவதில்லை.

அதனைத் தெளிவாகக் காட்டியவர் அரிகோ சாக்கி என்ற இத்தாலியர். தந்தையாரின் தொழிற்சாலையில் செய்த காலணிகளை விற்றுவந்தவர். பெரிய ஆட்டக்காரர் என்று பெயர் எடுத்தவரும் அல்லர். 1987இல் மிலான் அணியின் பயிற்சியாளரானார். 1989, 1990 இரண்டு ஆண்டுகளும் அவருடைய அணி ஐரோப்பியக் கோப்பையை வென்றது. தம்முடைய புகழ்பெற்ற முன்கள வீரர்களுக்கு அவர் ஒரு பந்தயம் கட்டினாராம். கோல்காப்பாளரும் பின்களத்தார் நால்வருமாக ஐவர் ஒரு பக்கம். குல்லித், வான் பாஸ்டன் முதலிய பத்துப் பேர் மறுபக்கம். கால் மணி நேரத்துக்குள் பத்துப் பேரும் ஒரு கோல் போட வேண்டும். பந்தை இழந்தால் பின்னே சென்று மீண்டும் தொடங்க வேண்டும். ஒரு முறைகூட அவர்களால் கோல் போட முடியவில்லை என்று சாக்கி பின்னாளில் கூறியிருக்கிறார். ஐவரும் வெறியோடு ஓடியா வென்றார்கள்? ஒருவன் ஓரடி நகர்ந்தால் மற்றவர்களும் ஓரடி நகர்ந்தார்கள். இடைவெளியைக் காத்தார்கள். அவ்வளவுதான்.

ஆட்டத்தின் விதிகளும் நெருக்குதலுக்கு இடம் கொடுத்தே வந்திருக்கின்றன. தோழன் வேண்டுமென்றே காலால் பின்னுக்குத் தள்ளிய பந்தைக் கோல்காப்பாளர் கையால் எடுக்கலாகாது என்ற விதி 1992இல் வந்தது. அதுமுதல், பின்னுக்குப் போகும் பந்து துரத்துகிறவனுக்குக் கிடைத்த நல்வாய்ப்பாயிற்று. 2019இல் கோல் கிக்கைத் தண்டப் பகுதிக்குள்ளேயே தோழன் பெறலாம் என்றார்கள். அதனால் நெருக்கடி கோல் வாயிலுக்கே வந்துவிட்டது. இன்றைய சிறுவர்களுக்கு இது கற்க வேண்டிய கலைதான். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

சித்தூர் ஆட்டத்துக்குப் பின் இளைஞர் வேலை கிடைத்து வேறூர் சென்றார். ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளை ஏற்றுக்கொண்டார். எழுபதை நெருங்கியவர், தமிழும் தெலுங்கும் அறிந்தவர். அவர் திடலுக்கு வந்த முதல் நாள் பந்தை எடுக்கவே இல்லை. சுண்ணாம்பால் ஒரு கோடு கிழித்து, பையன்களைச் சடுகுடு ஆடச் சொன்னார். பெற்றோரில் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். காசு கொடுத்தது கால்பந்துக்கு அல்லவா?

அவர் சொன்னார்: "பாடிவருகிறவனைப் பிடிக்க ஒருவன் மட்டும் முந்திக்கொண்டு பாய்ந்தால் என்ன ஆகிறது, பாருங்கள். தொட்டுவிட்டுப் போய்விடுகிறான். மூலையில் நிற்கிறவன் காத்திருக்கிறான். பாடுகிறவன் காலை நீட்டும்பொழுதோ முதுகைத் திருப்பும்பொழுதோ ஒருவன் பிடிக்கிறான். உடனே கைகோத்து நிற்கும் மற்றவர்கள் வந்து மூடுகிறார்கள். இதைத்தான் பந்து வைத்துக்கொண்டு செய்யப்போகிறோம்." சாக்கி சொன்னதும் இதுதானே என்று எனக்குத் தோன்றிற்று. நம் தெருப் புழுதியில் கிடந்த பாடத்தை நாம் கைப்பேசியில் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

பிறகு பந்து வந்தது. இருபது அடி நீளமும் இருபது அடி அகலமும் உள்ள ஒரு சதுரம். நால்வர் பந்தைத் தங்களுக்குள் வழங்குவார்கள். நடுவே இருவர் பிடிக்க வேண்டும். இது எல்லாத் திடல்களிலும் உள்ள பயிற்சி. ஆனால் அவர் சேர்த்த விதி புதிது. நடுவில் உள்ள இருவரும் சும்மா பாயக்கூடாது. பந்தைப் பெறுகிறவன் அதை அடக்க முடியாமல் காலிலிருந்து தெறிக்கவிட்டால் பாயலாம். முதுகைக் காட்டிக்கொண்டு பெற்றால் பாயலாம். பந்து துள்ளிக்கொண்டோ மெதுவாகவோ உருண்டு வந்தால் பாயலாம். கோட்டோரத்தில் பெற்றால் பாயலாம். கோடு அங்கே மூன்றாவது ஆளாக நின்று உதவும். இவற்றுள் ஒன்றும் நேராதபொழுது பாய்ந்தால் எதிரிக்கு ஒரு புள்ளி. முதல் வாரம் முழுவதும் புள்ளிகள் எதிரிக்கே போயின. காலை அடக்கத் தெரியாத பிள்ளைகள்! மூன்றாவது வாரம் ஒரு மாறுதல் கண்டேன். பையன்கள் பந்தைப் பார்ப்பதை விட்டு, பந்தைப் பெறப்போகிறவனுடைய இடுப்பையும் காலையும் பார்க்கத் தொடங்கினார்கள்.

எவ்வாறு பாய்வது என்பதை அவர் காலை வெயிலைக் கொண்டே விளக்கினார். கிழக்கே சூரியன் எழுந்து, பையன்களின் நிழல்கள் திடலில் நீண்டு கிடந்த நேரம். "பந்து வைத்திருக்கிறவன்தான் சூரியன். நீ அவன் முன்னால் நின்றால் உனக்குப் பின்னால் உன் நிழல் விழும். அந்த நிழலுக்குள் நிற்கிறவனுக்கு அவன் பந்தை அனுப்ப முடியாது. ஆகையால் நேரே ஓடாதே. எவனுக்குப் பந்து போகக்கூடாதோ அவன் மேல் உன் நிழல் விழும்படி வளைந்து ஓடு." அரிவாள் போன்றதொரு வளைவைக் காலால் மண்ணில் கீறிக் காட்டினார். நூலில் இருந்தால் மூன்று பக்கம் பிடிக்கும் செய்தி. என் மகன் அதை ஒரே காலையில் புரிந்துகொண்டான்.

அருகே சென்றதும் வேகத்தைக் குறைக்க வேண்டும். கடைசி மூன்று நான்கு அடிகளைச் சிற்றடிகளாக வைத்து, முழங்காலை மடக்கி, பக்கவாட்டாக நிற்க வேண்டும். பாய்ந்த வேகத்திலேயே காலை நீட்டுகிறவனை எதிரி ஒரு தட்டில் கடந்து போய்விடுவான். முதலில் செல்கிறவனுடைய வேலை பந்தைப் பறிப்பது அன்று. எதிரியின் தலையைக் குனியச் செய்து, ஒரு பக்கமாகத் திருப்புவதே. பறிப்பது பெரும்பாலும் இரண்டாவதாக வருகிறவன். அவனும் வராவிட்டால் முதல்வன் போனது வீண். மூன்றாமவன் பந்து தப்பிச் செல்லக்கூடிய வழியில் நிற்பான். பின்களத்தார் முன்னேறி இடைவெளியை அடைப்பார்கள். அவர்களுக்கும் பின்னால் விழும் நீண்ட பந்துக்காகக் கோல்காப்பாளர் வெளியே வந்து நிற்பான். ஐந்து விநாடி எண்ணுவதற்குள் பந்து கிடைக்கவில்லையா? எல்லாரும் திரும்பி ஓடித் தங்கள் இடத்தில் நிற்க வேண்டும். துரத்தலைக் கைவிடுவதில் வெட்கம் இல்லை என்பதைப் பிள்ளைகளுக்கு உணர்த்துவதுதான் மிகக் கடினமாயிருந்தது என்று ஆசிரியர் என்னிடம் கூறினார்.

இங்கே ஒரு வேடிக்கை. நிற்க வேண்டிய நேரத்தில் அவர் தெலுங்கில் 'ஆகு' என்று குரல் கொடுப்பார். தெலுங்கில் அதற்கு 'நில்' என்று பொருள். புதிதாகச் சேர்ந்த தமிழ்ப் பையன் ஒருவன், "என்ன ஆகணும் சார்?" என்று கேட்டுவிட்டான். திடலே சிரித்தது. ஆசிரியரும் சிரித்துவிட்டு, "முதல்லே நிக்கிற ஆளா ஆகு" என்றார். மொழிபெயர்ப்பில் இருபது ஆண்டு கழித்த எனக்கு இவ்வளவு பொருத்தமான விடை கிட்டியதில்லை.

விதியை மாற்றி ஆட்டத்தாலேயே பாடம் கற்பிக்கும் இந்த வழி தெலுங்கு நாட்டுக்குப் புதிதன்று. ஹைதராபாத்தில் சையது அப்துல் ரஹீம் என்ற பள்ளி ஆசிரியர் இருந்தார். பி.ஏ. படித்தவர் என்பதில் எனக்கு ஒரு சிறு பெருமை. ஹைதராபாத் நகரப் போலீஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது அவருடைய பயிற்சியில்தான். இளைஞர்களுக்காக அவர் வினோதமான பந்தயங்கள் நடத்தினார். ஒன்றில் பந்தைக் காலோடு தள்ளிக்கொண்டு ஓடக்கூடாது; உடனே வழங்கிவிட வேண்டும். மற்றொன்றில் பழக்கமில்லாத காலால்தான் உதைக்க வேண்டும். 'வழங்கு, வழங்கு' என்று தொண்டை கிழியக் கத்துவதைவிட, வழங்காமல் ஆடவே முடியாத ஓர் ஆட்டத்தை அமைத்துக் கொடுத்துவிட்டார்!

அந்த ரஹீம் பயிற்றுவித்த இந்திய அணி 1956இல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது. 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், முதல் ஆட்டத்தில் தங்களை இரண்டு கோல்களால் வென்ற தென்கொரியாவையே இறுதி ஆட்டத்தில் 2-1 என்று வென்று தங்கம் கொண்டுவந்தது. அந்த வெற்றிக்குப் பின் ஓராண்டு நிறைவதற்குள், 1963 ஜூன் மாதத்தில் அவர் புற்றுநோயால் மறைந்தார். அவர் கண்டெடுத்த வீரர்களுள் துளசிதாஸ் பலராம் ஒருவர். செகந்தராபாத்தை அடுத்த அம்முகூடாவில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் போட்டவர். 2023 வரை நம்மிடையே வாழ்ந்தவர். பிற மாநிலத்தில் பிழைக்கச் சென்ற தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை என்று சொல்லும்பொழுது, இதைக் கேட்கும் நேயர்களுக்கும் எனக்கும் அவர்மீது ஒரு தனி உரிமை தோன்றுவது இயல்பே.

பூக்காரர் மகனுக்கு வருகிறேன். புதிய ஆசிரியர் சித்தூர் ஆட்டத்தைத் தற்செயலாகப் பார்த்திருந்தாராம். வந்த இரண்டாம் வாரம் என்னிடம், "நடுவிலே ஒரு பையன் நின்றுகொண்டிருந்தானே, அவன் எங்கே?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். "அடடா! அன்றைக்கு ஆட்டம் தெரிந்து ஆடினவன் அவன் ஒருவன்தான். மூன்று பேர் விட்டுப்போன ஓட்டையை ஒருவனே அடைத்துக்கொண்டிருந்தான். அதனால்தான் இடைவேளை வரையில் கோல் விழவில்லை. அவனை வெளியே எடுத்த பிறகுதானே நான்காவது கோலும் உடனே விழுந்தது?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அன்று எல்லைக்கோட்டில் அமர்ந்து, ஏன் இந்தப் பையன் ஓடாமல் நிற்கிறான் என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன்.

இருவரும் அன்று மாலை அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். குறுகிய சந்து. வாயிற்படியிலேயே ஈரச் சாக்கில் சாமந்தியும் துளசியும் குவிந்திருந்தன. பையன் தன் தாயாரோடு உட்கார்ந்து நாரில் பூத்தொடுத்துக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்து உள்ளே போய்விட்டான். தகப்பனார் பாய் விரித்து உட்காரச் சொன்னார். "விளையாட்டு வேணாம்னுட்டான் சார். நானும் விட்டுட்டேன். வீட்டு வேலைக்கு ஒத்தாசையா இருக்கான். சோம்பேறின்னு பேர் வாங்கவா அனுப்பறது? விடிகாலை மூணு மணிக்கு எழுந்து என்னோட மார்க்கெட்டுக்கு வர்ற பையன் சார் அவன்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எங்களுக்குச் சங்கடமாயிருந்தது.

ஆசிரியர் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. பையனைக் கூப்பிட்டார். நான்கு சாமந்திப் பூவை எடுத்துத் தரையில் வைத்தார். ஒரு துளசிக் கிளையைப் பந்தாக வைத்தார். "இவன் கிட்ட பந்து. நம்மாள் மூணு பேர் இங்கே போயிட்டாங்க. நீ எங்கே நிப்பே?" பையன் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஒரு பூவை எடுத்து இரண்டு விரற்கடை பின்னால் வைத்தான். "ஏன்?" என்றார். "இங்கே நின்னா ரெண்டு பக்கமும் போகலாம் சார். அவன் தலை குனிஞ்சா மட்டும் நான் போவேன்." ஆசிரியர் தகப்பனாரைப் பார்த்தார். தகப்பனார் பூவைப் பார்த்தார். மறுநாள் முடியாது, முகூர்த்த நாள், மாலைக் கட்டு நிறைய இருக்கிறது. அதற்கு மறுநாள் அனுப்புகிறேன் என்றார்.

அவனையே ஆசிரியர் அணியின் குரலாக்கினார். எல்லாரும் ஒரே நேரத்தில் பாய வேண்டுமானால் யாரேனும் ஒருவன் கண்டு சொல்ல வேண்டும். முன்னால் நிற்கிறவன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அறிய மாட்டான். நடுவில் நிற்கிறவனுக்கே இரண்டும் தெரியும். பையன் 'போ' என்றால் போவது, 'ஆகு' என்றால் நிற்பது என்று ஏற்பாடு. வெயில் நாட்களில் ஒரு பாதி ஆட்டத்தில் எத்தனை முறை 'போ' என்று சொல்லலாம் என்பதற்கும் கணக்கு வைத்தார் ஆசிரியர். ஐரோப்பியக் குளிரில் ஆடுகிறவர்களே ஆட்டம் முழுவதும் நெருக்குவதில்லை. சித்தூர் வெயிலில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அப்படி ஓடச் செய்வது கொடுமை. மற்ற நேரம் பத்துப் பேரும் சேர்ந்து பின்னுக்கு வந்து, இடைவெளி விடாமல் நின்று மூச்சு வாங்கலாம். அப்படி நிற்பதும் ஆட்டமே என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்தார்.

ஜனவரியில் சித்தூர் அணியோடு மறு ஆட்டம். பனி விலகாத காலை. பெற்றோர்கள் ஒரு வேன் பிடித்துச் சென்றோம். பூக்காரரும் வந்திருந்தார், வாழைநாரில் கட்டிய ஒரு பொட்டலம் கையில் இருந்தது, ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகளுக்குக் கொடுக்க இலந்தைப் பழம்.

முதல் பத்து நிமிடம் சித்தூர்ப் பிள்ளைகள் தங்கள் பக்கத்திலேயே பந்தை இடமும் வலமும் வழங்கிக்கொண்டிருந்தார்கள். நம்மவர்கள் நடுக்கோட்டுக்குப் பின்னால் இரண்டு வரிசையாக நின்று, பந்து இடப்புறம் போனால் இடப்புறமாகவும் வலப்புறம் போனால் வலப்புறமாகவும் நகர்ந்தார்களே ஒழிய ஒருவரும் பாயவில்லை. எங்கள் பக்கத்துப் பெற்றோர்களுக்குப் பொறுக்கவில்லை. ஒருவர் எழுந்து நின்றார். இன்னொருவர் கத்தினார். இத்தனை மாதம் எல்லாவற்றையும் அருகிருந்து கண்டவனும், நெருக்குதல் என்று பெயர் சூட்டியவனும், உங்கள் முன் இவ்வளவு நேரம் உபதேசம் செய்தவனுமாகிய நானே, என்னையறியாமல், "ஓடுங்கடா! ஏண்டா நிக்கிறீங்க?" என்று கூவிவிட்டேன்.

நடுக்களத்தில் நின்ற பூக்காரர் மகன் திரும்பி என்னை ஒரு முறை பார்த்தான். மரியாதையான பையன், ஒன்றும் சொல்லவில்லை. உள்ளங்கையைத் தாழ்த்தித் தன் தோழர்களுக்கு 'ஆகு' என்று காட்டிவிட்டு, சித்தூர்க்காரனுடைய காலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான்.